பென்சிலில் இருந்த வீடு

ஜனவரி 9

தம்பிக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். அக்காவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சந்தோஷப்படாதே. தீரவில்லை. நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று உன் வீட்டு வாசலில் நின்று நான் பேசியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு காரியம் இருக்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ இரண்டு வார்த்தை இனிக்கப் பேசினால் நான் கேட்க வந்ததை விட்டுவிடுவேன்.

எங்கள் நிலப் பதிவு அலுவலகத்தை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. அரசாங்கம் உங்கள் கம்பெனிக்கு இருபது வருஷக் குத்தகைக்குக் கொடுத்த மறுமாதமே கண்ணாடிக் கதவு, டோக்கன் மெஷின், வரிசையாக நீல நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. பெயர்கூட அலுவலகம் இல்லை, சேவை மையம். மேலாளரை டை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. குளிக்கும்போது கழற்றுவாரா என்று சந்தேகம். அவரை டைக்காரர் என்றே சொல்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். பழைய ஆட்களில் மிச்சம் நான் ஒருத்தி. பதிவேடுகளை ஒப்படைத்து முடிக்கும் வரை பின்பக்கத்துப் பதிவறையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் லேத்துக்காரர் வந்தார். நம் வீட்டு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தாரே, அவர்தான். கால்வாய் ஓரத்தில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. மகளின் படிப்புக்கு வங்கியில் வீட்டுப் பதிவின் நகல் கேட்டார்களாம். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, “இந்த இடம் உங்க பேர்ல இல்லையே சார்” என்றாள். மரக்கடைக்காரர் பேரில் இருக்கிறதாம். மனுஷர் சிரித்துவிட்டார். “பதினெட்டு வருஷம் முன்னாடி அவர்கிட்டதாம்மா வாங்கினேன். அவர் செத்தே ஆறு வருஷமாச்சு” என்றார். அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

நான் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மரக்கடைக்காரர் பெயர் பேனாவில் இருக்கிறது. வலது ஓரத்தில், என் கையால், பென்சிலில், லேத்துக்காரர் பெயர், விண்ணப்ப எண், தேதி, என் சுருக்கொப்பம். எல்லாம் இருக்கிறது. உங்கள் திரையில் அந்த ஓரம் மட்டும் பால் போல வெள்ளையாக இருக்கிறது.

பென்சில் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், தெரியாது என்று நீ சொல்லிவிடக் கூடாது. பெயர் மாற்ற விண்ணப்பம் வந்து, பத்திரத்தைச் சரிபார்த்ததும் ஓரத்தில் பென்சிலில் குறிப்போம். அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுதுவோம். எங்கள் அலுவலகத்தில் அதிகாரி நாற்காலி வருஷக்கணக்கில் காலி. மூன்று ஊருக்கு ஒருவர், மாதத்துக்கு ஒரு நாள் வருவார். அதனால் பென்சில் பென்சிலாகவே நின்றது. யாரும் அதற்காகக் கவலைப்படவில்லை; யார் வந்து கேட்டாலும் நாங்கள் ஓரத்தையும் பார்த்துத்தான் பதில் சொல்வோம். நீ கல்லூரி விடுமுறையில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தபோது ஏன் பென்சில் என்று கேட்டாய். நான் சொன்னேன்.

லேத்துக்காரர் கொடுத்த அசல் பத்திரம் விண்ணப்பக் கோப்பில் இருந்தது. நிலுவைக் கோப்புகள் பதிவு ஆகாது என்று உங்கள் ஆட்கள் போன வருஷமே அவற்றைக் காகிதக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் வீடு அவருடையது என்று சொல்ல அந்த ஒரு பென்சில் வரி மட்டும்தான் இருக்கிறது.

பதிவேடுகளைப் படம் எடுத்துத் திரையில் ஏற்றுகிற பிரிவு உன் கையில். எப்படி அழிந்தது, எப்படித் திரும்ப வரவழைப்பது என்று எழுது.

அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி இருக்கிறது?

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் அம்மா கவரைத் தடவிப் பார்த்து “அவ எழுத்துதான்” என்றாள். இடது கண் நன்றாகத் தெரிகிறது, வலது கண்ணுக்கு இன்னும் சொட்டு மருந்து போகிறது. நீ என்ன எழுதினாய் என்று கேட்டாள். கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினேன்.

நீ கோபமாக இருப்பது புரிகிறது. ஆனால் இதை நீ கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி பதிவு என்பது அதிகாரியின் ஒப்பம் பெற்ற மை எழுத்து மட்டும். ஓரக் குறிப்புகள், மடிப்புகள், கறைகள் இவையெல்லாம் பதிவின் பகுதி அல்ல. இது நான் வைத்த விதி இல்லை, அரசாங்கமே ஒத்துக்கொண்ட விதி. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பக்கம் போகிற இடத்தில் ஒவ்வொரு ஓரத்தையும் நின்று பார்க்க முடியாது.

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. ஆட்சேபணைப் படிவம் இணையத்தில் இருக்கிறது. லேத்துக்காரரை நிரப்பச் சொல். பதினைந்து வேலை நாளில் பதில் வரும். எண் கிடைத்ததும் எனக்கு எழுது, நான் கவனிக்கச் சொல்கிறேன்.

சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ ஒருத்தியாக இருக்கிறாய் என்று அம்மா புலம்புகிறாள்.

தம்பி


ஜனவரி 26

தம்பிக்கு,

பதினைந்து நாள் தேவைப்படவில்லை, நான்கே நாளில் பதில் வந்துவிட்டது. “தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது. திரைப்பதிவு மூலப்பதிவுடன் ஒத்துப்போகிறது.” எந்த மூலத்தோடு ஒத்துப் பார்த்தீர்கள்? பதிவேடு என் மேசையில் இருக்கிறது, ஒருவரும் வந்து திறந்து பார்க்கவில்லை. நீங்கள் எடுத்த படத்தை நீங்கள் எடுத்த படத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

இதற்குள் மரக்கடைக்காரரின் மகன் முந்திக்கொண்டான். திரையில் அப்பா பெயர் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் அவனுக்கென்ன வலி? கால்வாய் ஓரம் முழுவதையும் கிடங்கு கட்டுகிறவருக்கு விற்றுவிட்டான். “எங்கப்பா வாடகைக்குத்தான் விட்டிருந்தார்” என்கிறான். பிப்ரவரி இருபதுக்குள் காலி செய்யச் சொல்லி லேத்துக்காரருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர் அதை எண்ணெய்க் கையோடு எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். “நான் எங்கம்மா போவேன், லேத்தைத் தலையில தூக்கிட்டா போக முடியும்?” என்றார். அந்த மெஷினைத் தரையில் சிமெண்ட் போட்டு இறக்கிப் பதினேழு வருஷம் ஆகிறதாம். நோட்டீஸைத் துடைத்துத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. பிப்ரவரி பதினொன்றாம் தேதி லாரி வருகிறது. படம் எடுத்து முடித்த பதிவேடுகள் எல்லாம் கூழ் ஆலைக்கு. இந்தப் பதிவேடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டைக்காரரிடம் ஒன்றை மட்டும் நிறுத்தி வைக்கக் கேட்டேன். தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தால் நிறுத்தலாம், மேடம் சொன்னால் முடியாது என்றார்.

அந்தக் கடிதத்தை நீ எழுது. நான்கு வரி போதும். இந்தப் பதிவேட்டில் பென்சில் குறிப்பு இருந்தது, படம் எடுக்கும்போது அழிந்தது, அசலை நிறுத்தி வையுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்கிற உங்கள் கம்பெனியில் பென்சிலுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நீ. விதி விதி என்று எனக்கே விதி சொல்லாதே. நான் கேட்டது எப்படி அழிந்தது என்று. அதற்கு நீ பதிலே எழுதவில்லை.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

இதை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. என் போன் கம்பெனி போன், மின்னஞ்சலையும் பார்க்கிறார்கள். வீட்டுக்கு எதிரே பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். பழைய பக்கங்கள் பழுப்பாக, அழுக்காக வந்தன. அப்படியே எடுத்தால் கோப்பு கனமாகிறது, வேலை தாமதமாகிறது, மேலே கத்துகிறார்கள். அதனால் மெஷினில் பின்னணியை வெளுக்க ஓர் அளவு வைப்போம். இரண்டில் இருந்ததை நான்காக ஏற்றச் சொன்னது நான்தான். நான்கில் பென்சில் நிற்காது.

எனக்குத் தெரியும் அக்கா. முதல் வாரமே தெரியும். ஸ்கேன் செய்கிற ஒரு பெண் பக்கத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “சார், இதுல பேரெல்லாம் இருக்கு சார், போயிடுது” என்றாள். பென்சில் பதிவு ஆகாதும்மா, வேலையைப் பார் என்றேன். அவள் கேட்கவில்லை, தன் பாட்டுக்கு எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். உங்கள் மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு இடம். அந்தத் தாளை நான் வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஒப்பந்தம் முடிந்து அவளும் போய்விட்டாள், எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அந்த எண் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நீ கேட்கிற கடிதத்தை என்னால் எழுத முடியாது. ஒரு பதிவேட்டை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் எல்லா மாவட்டத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். அந்த நான்கை யார் வைத்தது என்று தேடினால் என் மேசைக்குத்தான் வந்து நிற்பார்கள்.

ஆனால் ஒன்று செய்யலாம். லாரி வருவதற்கு முன் அந்த ஒரு பதிவேட்டை நீ வீட்டுக்கு எடுத்துப் போய்விடு. அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை, எடை போட்டுத்தான் ஏற்றுகிறார்கள், ஒன்று குறைந்தால் தெரியாது. பிறகு லேத்துக்காரர் கோர்ட்டுக்குப் போகட்டும், புத்தகம் கையில் இருக்கும். யாரும் மாட்ட மாட்டோம்.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

எடுத்துவிட்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் அந்த அறையை விட்டு ஒரு தாளை வெளியே விட்டதில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்து கேட்டவர்களைக்கூட என் முன்னால் உட்கார்ந்து பார்க்க வைத்தவள் நான். பத்தாம் தேதி சாயங்காலம் காய்கறிப் பையில் பதிவேட்டை வைத்து, மேலே துண்டைப் போட்டு, டைக்காரருக்கு “வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆறு கிலோ இருக்கும். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார வெட்கமாக இருந்தது, நின்றுகொண்டே வந்தேன். நான்கு வரி எழுத மறுத்துவிட்டு என்னைத் தூக்க வைத்த உன் மேல் வழியெல்லாம் எரிச்சல் வந்தது.

மறுநாள் லாரி வந்தது. ஆட்கள் பதிவேடுகளை அட்டையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்கள். சிலது நடுவில் பிரிந்து விழுந்தது. மிதித்துக்கொண்டு ஏறினார்கள். உன் இரண்டாயிரத்துச் சொச்சமும் அதில்தான் போனது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

லேத்துக்காரருக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார், கெட்டிக்காரி. மரக்கடைக்காரர் மகன் மேலும் உங்கள் கம்பெனி மேலும் வழக்குப் போட்டு, நேற்றே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். விசாரணை முடியும் வரை வீட்டில் கை வைக்கக் கூடாது. மார்ச் பதினாறு விசாரணை. நான் பதிவேட்டோடு போகிறேன். லேத்துக்காரர் உன்னைக் கேட்டார். தம்பி அங்கே பெரிய வேலையில் இருக்கிறாராமே, அவரால் ஏதாவது ஆகுமா என்றார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

தடை கிடைத்தது நல்ல சேதி. எனக்கு அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

போன கடிதத்தைக் கிழித்தேன் என்று நீ எழுதவில்லை. மறந்திருப்பாய். கிழித்தாயா? ஒரு வரி எழுதிப் போடு.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. எழுத்து இருக்கிற எதையும் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

விசாரணையில் நடந்ததைச் சொல்கிறேன். பதிவேட்டைக் கொடுத்தேன். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பென்சில் வரியைப் படித்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு உங்கள் கம்பெனி வக்கீல் எழுந்தார்.

“இந்தப் புத்தகம் பிப்ரவரி பத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எங்கம்மா இருந்தது?”

“என் வீட்ல.”

“உங்க வீட்ல பென்சில் இருக்கா?”

கோர்ட்டே சிரித்தது. இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல? பேனா மைக்கு வயது சொல்லலாம், பென்சிலுக்கு முடியாது என்று ஒரு நிபுணரின் தாளை நீட்டினார். சுருக்கொப்பம் யாருடையது என்று கேட்டார். என்னுடையது. அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் எழுதியிருக்கலாம் இல்லையா என்றார்.

கடைசியில் எங்கள் கையேட்டை என்னிடமே கொடுத்து ஒரு விதியைப் படிக்கச் சொன்னார். “காப்பாளரின் அறையை விட்டு வெளியே சென்ற பதிவேடு, சான்றாகக் கொள்ளத்தக்கதன்று.” புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற விதி. மனப்பாடம். பையில் வைத்துத் தூக்கியபோது அது ஏன் என் புத்திக்கு வரவில்லை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். லாரியிலிருந்து காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். காப்பாற்றியதால்தான் அது வெறும் காகிதமாகிவிட்டது. லேத்துக்காரரின் வீட்டை என் கையாலேயே கொண்டுபோய்க் கெடுத்திருக்கிறேன்.

பழைய அதிகாரிக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். “ஞாபகம் இல்லை” என்று இரண்டே சொல்லில் பதில். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதிவேட்டைத் திருடி அதில் பொய்யாக எழுதினேன் என்று டைக்காரர் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்.

படம் எடுப்பதற்கு முன்பே அந்த வரி இருந்தது, மெஷின்தான் அழித்தது என்று காட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். ஏப்ரல் ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். உன் பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

அதைக் கொடுக்கட்டுமா? இல்லை, நீயே வந்து சொல்கிறாயா? நீ வந்து சொன்னால் நல்லது. தப்பு செய்தவன் தானாக வந்து சொன்னான் என்று இருக்கும்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

கொடுக்காதே.

உனக்கு லேத்துக்காரர் யார்? நான் யார்? ஷாஃப்ட் கடைந்து கொடுத்ததற்காக அவரிடம் நீ இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறாயா? உன்னைப் பதிவேட்டை எடுக்கச் சொன்னது நான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் விதி உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் சொன்னதைச் செய்வதற்கு முன் நீ யோசித்திருக்க வேண்டாமா? இதை எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வேலை மட்டும் போனால் பரவாயில்லை. ஆவணத்தை அழித்ததாக வழக்குப் போட்டால் உள்ளே போவேன். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளிடம் நான் எங்கே போனேன் என்று யார் சொல்வது? அம்மா நேற்று, “அவ கோபம் போயிடுச்சாடா, அடிக்கடி எழுதறாளே?” என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

லேத்துக்காரருக்கு வேறு இடம் பார்க்க நான் உதவுகிறேன். என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன். இதை மட்டும் செய்யச் சொல்லாதே.

உன் தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

நேற்று வக்கீலம்மாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் மறைத்துவிட்டு நீ சம்மனில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல்.

லேத்துக்காரர் யார் என்று கேட்டாய். அவர் எனக்கு யாரும் இல்லை. அவர் பெயரை ஓரத்தில் எழுதி, “இனிமே கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பியது நான். பதினெட்டு வருஷமாக அந்த வார்த்தையை நம்பிக்கொண்டிருக்கிறார். மற்ற இரண்டாயிரம் பேருக்கு இன்னும் விஷயமே தெரியாது. ஒவ்வொருவராகக் கவுண்டரில் வந்து சிரிப்பார்கள். அவர்கள் பெயர் இருந்த காகிதம் எல்லாம் கூழாகிவிட்டது. அப்படி ஒன்று இருந்தது என்று உலகத்தில் இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறது, அதை எழுதியவன் நீ.

உன் கடிதம் வந்து நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என் தம்பி என்பதால் அந்த நான்கு நாள். உன் மகளை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். எனக்கு நெஞ்சு வலிக்காமல் இல்லை. என்னை நீ மன்னிக்க வேண்டாம்.

பத்தொன்பதாம் தேதி உன்னை விசாரிப்பார்கள். இங்கே வரத் தேவையில்லை, உங்கள் ஊர் கோர்ட்டிலிருந்தே திரையில் பேசலாமாம். உள்ளதைச் சொல்லிவிடு. அப்புறம் வருவதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நேற்று முன்தினம் திரையின் மூலையில் நீ தெரிந்தாய். சின்னதாக, தீப்பெட்டி அளவுக்கு. முடி இவ்வளவு நரைத்துவிட்டது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் இருந்தவர்தான் லேத்துக்காரர் என்று நினைக்கிறேன்.

என் இடது பக்கம் கம்பெனி வக்கீல், வலது பக்கம் என் பிரிவின் தலைவர். காலையிலேயே காரில் வந்து வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். “அக்கான்னா பாசம் இருக்கும், புரியுது. ஆனா அவங்க உங்களை எழுத்துல மாட்டி விட்டிருக்காங்க பாருங்க” என்றார் தலைவர். நான் தலையாட்டினேன்.

கடிதத்தைத் திரைக்கு முன் பிடித்து, இது உங்கள் எழுத்தா என்று உங்கள் வக்கீலம்மா கேட்டபோது, ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். “என்னுடையது இல்லை” என்று வந்தது. சொன்ன பிறகு எனக்கே கேட்டது. ஸ்கேனில் அளவு மாற்றினீர்களா என்றதற்கு இல்லை என்றேன். அப்படி ஒரு பெண் வேலை செய்தாளா என்றதற்கு நினைவில்லை என்றேன். அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை.

தடையை அன்றே நீக்கிவிட்டார்கள் என்று மாலையில் தலைவர் சொன்னார். கை கொடுத்தார்.

எதிரே ஆள் இருந்தால் எனக்கு உண்மை வருவதில்லை அக்கா. காகிதத்தில்தான் வருகிறது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதம் என்னுடையது. அளவை நான்காக ஏற்றச் சொன்னது நான். பென்சில் குறிப்புகள் அழிவது தெரிந்தே ஏற்றச் சொன்னேன். எண்ணிக்கை எழுதிய தாளைக் கிழித்தது நான். பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னது நான். என் அக்கா அதில் ஒரு எழுத்தும் புதிதாக எழுதவில்லை. பத்தொன்பதாம் தேதி கோர்ட்டில் நான் சொன்னது பொய்.

கீழே என் முழுக் கையெழுத்தும் ஊழியர் எண்ணும் போட்டிருக்கிறேன். பின்பக்கம் கட்டைவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன். இந்த முறை என்னைக் கேட்காதே. உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. வீட்டை இடிப்பதற்குள் கொடுத்துவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று, வியாழக்கிழமை வந்தது. வீட்டைப் புதன்கிழமை இடித்துவிட்டார்கள்.

கடிதத்தில் இருபத்தொன்று என்று தேதி போட்டிருக்கிறாய். கவரில் தபால் முத்திரை இருபத்தாறு. அந்த ஐந்து நாள் அது உன் பையில் இருந்ததா, மேசையில் இருந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை.

லேத்தை முந்தின நாளே பெயர்க்கப் பார்த்தார்கள். சிமெண்டை விட்டு வரவில்லை. இடிக்க வந்த மெஷினாலேயே இழுத்துப் போட்டார்கள், அடிப்பாகம் விரிந்துவிட்டது. மகளும் அவரும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார்கள்.

நீ கேட்டபடி வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மேல்முறையீட்டில் சேர்க்கலாம், இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றார். என் மேல் இருக்கிற வழக்குக்கு அது உதவும் என்றார். மற்ற இரண்டாயிரம் பேருக்கும் ஒரு பிடி கிடைத்தது என்றார். உனக்குச் சீக்கிரமே சம்மன் வரும், அம்மாவிடம் அதற்கு முன் நீயே சொல்லிவிடு. நான் ஊருக்கு வருகிறேன். உன் மகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வக்கீலம்மாவிடம் கொடுப்பதற்கு முன் லேத்துக்காரரிடம்தான் முதலில் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அறையில் நாற்காலி இல்லை, வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் நிதானமாகப் படித்தார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பிக்குக் கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார்.

அக்கா